திட்ட நிதியா, அடிப்படை நிதியா: உரிமை அமைப்புகளுக்குக் கொடுக்கும்போது

கொழும்பில் மனித உரிமை, தேர்தல் கண்காணிப்பு, ஊழல் எதிர்ப்பு என்று இயங்கும் அமைப்புகளுக்குக் கொடுப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. குறித்த வேலைக்குக் குறித்த காலத்துக்குத் தருவது திட்ட நிதி. சம்பளம், வாடகை, கணக்காய்வு என எதற்கும் எடுக்கக்கூடியது அடிப்படை நிதி. எங்கள் சிறிய கொடையாளர் குழு இரண்டாவதையே தெரிவு செய்தது.

திட்ட நிதியின் வசதி எல்லாருக்கும் தெரியும்: கணக்குக் கேட்பது சுலபம். வேலைக்கு முடிவுத் திகதி இருந்தால் அதுவே பொருத்தம். கண்காணிப்பாளர் கையேட்டை மூன்று மொழியிலும் அச்சிட அடிப்படை நிதி எதற்கு?

ஆனால் பொறுப்புக்கூறல் வேலையில் பெரும்பகுதிக்கு முடிவுத் திகதியைச் சட்டமும் நீதிமன்றமுமே வைக்கின்றன. எங்கள் முடிவைத் தீர்மானித்தது இந்த ஒரு விடயம்தான்.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவலறியும் உரிமைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தகவல் கேட்டால், அரச நிறுவனத்தின் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். அதன்பின் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போக இரண்டு மாதம். ஆறு மாதத் திட்டம் ஆணைக்குழுவில் விசாரணை தொடங்கும் நேரத்தில் முடிந்துவிடும், கோப்பை நடத்தியவரின் ஒப்பந்தமும் அதோடு போய்விடும். திகதி முத்திரை குத்திய பற்றுச்சீட்டும் பதிவுத் தபால் துண்டும் கோப்பில் அப்படியே இருக்கும். அவற்றில் எந்தத் திகதியிலிருந்து இரண்டு மாதத்தை எண்ண வேண்டும் என்பது புதிதாக வந்தவருக்குத் தெரியாது. மேன்முறையீடு இப்படித்தான் தவறிப்போகிறது.

மறுபக்கத்தில் அவசரம். அடிப்படை உரிமை மீறல் மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால் அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. ஆனால் விசாரணை உண்மையில் நடக்கிறது என்று காட்ட வேண்டிவரும். முன்மொழிவு எழுதி, பாதீடு திருத்தி, ஒப்புதல் வாங்குவதற்குள் அந்த மாதம் ஓடிவிடும். சட்டத்தரணிக்கும் சத்தியக் கடதாசி மொழிபெயர்ப்புக்கும் வேண்டிய பணம் முன்கூட்டியே வங்கியில் இருந்தாக வேண்டும்.

வழக்கு எவ்வளவு இழுக்கும் என்பதும் தெரிந்ததே. பொருளாதார நெருக்கடிக்குப் பொறுப்பானவர்கள் யார் என்று கேட்டு ஊழல் எதிர்ப்பு அமைப்பான ட்ரான்ஸ்பேரன்சி இன்டர்நேஷனல் ஸ்ரீலங்கா உள்ளிட்டோர் 2022 ஜூனில் தாக்கல் செய்த மனுவுக்கு 2023 நவம்பர் 14 அன்றுதான் தீர்ப்பு வந்தது. பன்னிரண்டு மாத நிதி புதுக்கடை நீதிமன்றத்தில் பாதி வழியில் நின்றுவிடும்.

பாதீட்டில் இன்னொரு ஓட்டை. திட்ட நிதி அடிப்படைச் சம்பளத்தை மட்டும் எழுதும். தொழில்கொள்பவர் செலுத்த வேண்டிய ஊழியர் சேமலாப நிதி 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கை நிதியம் 3 சதவீதமும் விடுபடும். அதை நிரப்ப இன்னொரு திட்டம் தேட வேண்டும்.

அடிப்படை நிதிக்கும் ஆபத்து உண்டு. ஒரே கொடையாளரை நம்பியிருந்த அமைப்பு அவர் விலகினால் முடங்கும். 2025 ஜனவரியில் அமெரிக்க உதவி நிறுத்தப்பட்டபோது பலரும் இதைக் கண்கூடாகப் பார்த்தார்கள். ஆகவே எங்கள் பங்கு வருட வருமானத்தில் மூன்றில் ஒன்றைத் தாண்டக் கூடாது என்று வைத்திருக்கிறோம். தருவதற்கு முன் இரண்டு வருடக் கணக்காய்வு அறிக்கை, பணிப்பாளர் சபைக் கூட்டக் குறிப்பு, காசோலைக்கு இருவர் கையொப்பம் ஆகிய மூன்றையும் பார்க்கிறோம். தனி அறிக்கை கேட்பதில்லை. அமைப்பின் சொந்த வருடாந்த அறிக்கை போதும்.

இந்தக் கணக்கு ஒருசில மில்லியன் ரூபாய் வரையிலான கொடைகளுக்குச் சரிவருகிறது. அதைவிடப் பெரிய தொகைக்கு மேற்பார்வையை இன்னும் இறுக்க வேண்டியிருக்கலாம். எந்தத் தொகையானாலும் மூன்று வருடத்துக்கு ஒப்பந்தம் எழுதி, வருடத் தொடக்கத்திலேயே தவணையைக் கொடுங்கள். நிறுத்துவதானால் ஆறு மாதத்துக்கு முன் எழுத்தில் அறிவிப்பதாக ஒரு வரியையும் அதில் சேருங்கள்.