டிராப்டவுனா, ரேடியோ பட்டனா, டைப் செய்ய ஒரு பெட்டியா?

அப்பாவுக்கு ஒரு காப்பீட்டு ஆப்பில் விவரங்களை நிரப்பிக்கொண்டிருந்தோம். பிறந்த தேதியைத் தொட்டதும் காலண்டர் திறந்து இந்த மாதத்தில் வந்து நின்றது. அவர் பிறந்தது 1958இல். மாதம் மாதமாகப் பின்னால் போவதென்றால் எண்ணூறு முறை தட்ட வேண்டும். மேலே இருக்கும் வருடத்தைத் தொட்டால் வருடப் பட்டியல் வரும் என்பது எனக்குத் தெரியும், ஆப் திரைகளை வடிவமைப்பதுதான் என் தொழில். அவருக்கு எப்படித் தெரியும்? தொடலாம் என்பதற்கு அங்கே ஓர் அடையாளமும் இல்லை. "ஏம்ப்பா, எழுதுறதுக்கு இடம் கிடையாதா?" என்றார்.

அந்தக் கேள்வியை வைத்தே, படிவத்தில் பதில் வாங்கும் வழிகள் எல்லாவற்றையும் ஒப்பிட்டுவிடலாம். பதில் அவர் மனதில் ஏற்கெனவே இருக்கிறதா, இல்லை திரையைப் பார்த்த பிறகுதான் முடிவு செய்வாரா? பிறந்த தேதி மனப்பாடம். அதற்கு நாள், மாதம், ஆண்டு என்று மூன்று சின்னப் பெட்டிகள் போதும். பிரிட்டன் அரசின் வடிவமைப்பு வழிகாட்டியும் இப்படி நினைவில் இருக்கும் தேதிகளுக்கு இதையே சொல்கிறது. ரயில் டிக்கெட் வேறு கதை. எந்தத் தேதி வெள்ளிக்கிழமை, திங்கள் லீவு போட்டால் எத்தனை நாள் சேரும் என்று பார்த்துத்தான் முடிவெடுக்கிறோம். முன்பதிவும் 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, ஆகவே இரண்டு மூன்று மாதங்களைப் புரட்டினால் முடிந்தது. அங்கே காலண்டரை அடிக்க ஆளில்லை.

அடுத்து, ரேடியோ பட்டனும் டிராப்டவுனும். விடைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன வட்டங்கள்தான் ரேடியோ பட்டன்கள், அவற்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். பழைய கார் ரேடியோவில் ஒரு பட்டனை அமுக்கினால் முன்பு அமுக்கியது வெளியே துள்ளும். பெயர் அங்கிருந்து வந்ததுதான். எல்லா விடைகளும் கண்ணுக்கு முன்னால் இருக்கும், ஒரே தட்டு. டிராப்டவுன், அதாவது தட்டினால் கீழே விரியும் பட்டியல், விடைகளை மறைத்து வைக்கிறது. திறக்க ஒரு தட்டு, தேர்ந்தெடுக்க ஒரு தட்டு, நடுவில் விரல் வழுக்கினால் பக்கத்து வரி. திரை துப்புரவாகத் தெரியும் என்பதற்காக, மூன்றே விடை உள்ள கேள்விக்கும் டிராப்டவுன் வைப்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் அது சோம்பேறித்தனம். பிரிட்டன் வழிகாட்டி டிராப்டவுனைக் கடைசி வழியாக மட்டுமே வைத்துக்கொள்ளச் சொல்கிறது. ஆறேழு விடை வரைக்கும் நான் ரேடியோ பட்டன் கட்சி.

நீண்ட பட்டியல் என்றால்? மாநிலங்கள் 28, யூனியன் பிரதேசங்கள் 8, மொத்தம் 36. ஆங்கில அகரவரிசையில் தமிழ்நாடு கிட்டத்தட்ட அடியில் கிடக்கும். அதற்குப் பதில் பின்கோடை முதலில் கேட்டுப் பாருங்கள். 1972இலிருந்து இருக்கும் ஆறு இலக்க எண், முகவரி சொல்கிறவருக்குப் பெரும்பாலும் மனப்பாடம். மாநிலத்தையும் மாவட்டத்தையும் ஆப்பே நிரப்பிவிடலாம், தப்பாக இருந்தால் திருத்த இடம் விட்டால் சரி.

தமிழில் ஆப் செய்பவர்கள் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. 38 மாவட்டங்களையும் மொழிபெயர்த்துவிட்டு வரிசையை ஆங்கிலத்திலேயே விட்டுவிடுகிறார்கள். அரியலூர், செங்கல்பட்டு, சென்னை, கோயம்புத்தூர், கடலூர் என்று போகும். செங்கல்பட்டுக்குக் கீழே கடலூரை யார் தேடுவார்கள்? வரிசையைத் திருத்தினாலும் ராமநாதபுரத்தை இகரத்தில் வைப்பதா ரகரத்தில் வைப்பதா என்ற வழக்கு தீராது. எழுத்தைத் தட்டத் தட்டப் பட்டியல் சுருங்கும் தேடல் பெட்டி இங்கே டிராப்டவுனைவிடப் பல மடங்கு மேல். ஒரே நிபந்தனை: ராமநாதபுரம், இராமநாதபுரம் இரண்டுக்கும் அது பதில் சொல்ல வேண்டும், திருச்சி என்றால் திருச்சிராப்பள்ளியும் டூட்டிகொரின் என்றால் தூத்துக்குடியும் வர வேண்டும்.

டிக் அடிக்கும் செக்பாக்ஸும், ஆன்-ஆஃப் செய்யும் சுவிட்சும் பார்க்க ஒரே வேலை செய்வது போலிருக்கும். சுவர் சுவிட்சைப் போட்டால் விளக்கு உடனே எரிகிறது, திரை சுவிட்சும் அப்படித்தான் இருக்க வேண்டும். சுவிட்சைப் போட்ட பிறகு கீழே போய் 'சேமி' அழுத்தச் சொன்னால் பாதிப் பேர் அழுத்தாமலே வெளியேறுவார்கள். படிவத்தின் கடைசியில் ஒட்டுமொத்தமாக அனுப்பப் போகிறீர்களா, செக்பாக்ஸ் போடுங்கள். அதில் நீங்களே முன்கூட்டி டிக் அடித்து வைக்காதீர்கள். அப்படி வாங்கும் சம்மதம் செல்லாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019இல் குக்கீ வழக்கொன்றில் சொல்லிவிட்டது. இந்தியாவிலும், கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பதை 2023இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள் ஏமாற்று உத்திகளின் பட்டியலில் சேர்த்திருக்கின்றன.

கோட்டின் மேல் விரலால் இழுத்து நகர்த்தும் ஸ்லைடர் சத்தத்துக்கும் வெளிச்சத்துக்கும் நல்லது. அங்கே எண் முக்கியமில்லை, காதுக்கும் கண்ணுக்கும் பிடித்தால் போதும். கடன் தொகைக்கு ஸ்லைடர் வைத்துவிட்டு 1,35,000இல் நிறுத்தச் சொல்லிப் பாருங்கள். விரல் எடுக்கும்போது 1,40,000க்குத் தாவும், எண்ணைக் கட்டைவிரலே மறைத்திருக்கும். இழுத்துச் செய்யும் எதையும் இழுக்காமலும் செய்ய வழி இருக்க வேண்டும் என்கிறது மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்த வழிகாட்டும் இணைய அணுகல் நெறிமுறையின் (WCAG) 2023இல் வந்த 2.2 பதிப்பு. டிக்கெட் எண்ணிக்கை மாதிரி சின்ன எண்ணுக்குக் கூட்டல், கழித்தல் பட்டன்கள். பெரிய தொகைக்குப் பெட்டி.

அந்தப் பெட்டியிலும் ஒரு வம்பு. எண்கள் வருவதாலேயே பின்கோடுக்கும் போன் நம்பருக்கும், இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் 'நம்பர்' வகைப் பெட்டியைப் போட்டுவிடுகிறார்கள். கூட்டிக் கழிக்கிற எண்ணுக்கானது அது. சில பிரவுசர்களில் மவுஸ் சக்கரம் தெரியாமல் உருண்டால்கூட மதிப்பு மாறிவிடும். சாதாரண எழுத்துப் பெட்டியே வைத்து, எண் விசைப்பலகை மட்டும் எழும்பும்படி சொன்னால் போதும்.

ஓடிபிக்கு ஆறு தனித்தனிக் கட்டமா ஒரே பெட்டியா என்பதில் என் அலுவலகத்தில் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. கட்டங்கள் அழகுதான். ஆனால் சரியாகச் செய்யாவிட்டால், குறுஞ்செய்தியிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது முதல் கட்டத்தில் ஒரே ஓர் எண் விழுந்து மற்ற ஐந்தும் காலியாக நிற்கும். நான் ஒரே பெட்டி பக்கம்.