எம்.ஐ.டி.யின் 20-ஆம் கட்டடமும் ஸ்டாட்டா மையமும்

ஒரே மனை, இரண்டு கட்டடங்கள். 1943-இல் ரேடார் ஆராய்ச்சிக்காக அமெரிக்கத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான எம்.ஐ.டி. அவசரமாக மரத்தில் எழுப்பியது 20-ஆம் கட்டடம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இடிப்பதாகத்தான் ஏற்பாடு. ஆனால் 1998 வரை நின்றது. கோடையில் வெக்கை, எங்கும் தூசி. இருந்தாலும் யாரையும் கேட்காமல் சுவரை உடைக்கலாம், கூரை வழியே கம்பி இழுக்கலாம். அணுக் கடிகாரம் செய்ய முனைந்த ஜெரால்ட் சக்கரியாஸ், கருவி உயரமானது என்று இரண்டு தளங்களையே பெயர்த்தெடுத்தார். நோம் சாம்ஸ்கி, மாரிஸ் ஹாலே போன்ற மொழியியலாளர்களும் பொறியாளர்களும் ஒரே நடைக்கூடத்தில் எதிர்ப்பட்டார்கள்.

அங்கேயே 2004-இல் திறக்கப்பட்டது ஃபிராங்க் கெரி வடிவமைத்த ஸ்டாட்டா மையம். சாய்ந்த கோபுரங்கள், தரைத்தளத்தில் தெருவைப் போன்ற பொது நடைவழி. பல துறையினர் தற்செயலாகச் சந்திக்க வேண்டும் என்பதே நோக்கம். நல்ல நோக்கம்தான், சந்திப்பும் நடக்கிறது. ஆனால் இங்கே கட்டடக் கலைஞர் முன்கூட்டியே தீர்மானித்த இடத்தில் ஊழியர் உட்காருகிறார். அங்கே ஊழியரே இடத்தைத் தீர்மானித்தார். புதிய அலுவலகத்துக்குச் சோபா தேர்ந்தெடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய வேறுபாடு இதுதான். மேசையை நகர்த்தவும் சுவரில் ஆணி அடிக்கவும் பயப்படும் இடத்தில் புது முயற்சிக்கும் தயங்குவார்கள். எனக்கு அந்த மரக் கட்டடமே உசத்தி.