கோடு போட்ட மாதிரி கிராஃப் காட்டி 52,000 ரூபாயை உருவிட்டாங்க (என்எஸ்-10 க்ளோன் வாங்கப் போறவங்க கவனத்துக்கு)

வீட்லயே செஞ்ச என்எஸ்-10 க்ளோன் (யமஹாவோட பழைய ஸ்பீக்கருக்கு நகல்), அளவெடுத்து ஈக்யூ போட்டது (எந்த சுருதி எவ்ளோ கேக்கணும்னு ஏத்தி இறக்கினது), கிராஃபோட தர்றோம்னு யாராவது சொன்னா பணத்தை எடுக்குறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை படிச்சிருங்க. நீளமாத்தான் இருக்கும், கோவத்துல எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

நான் சாலிகிராமத்துல ஒரு பெட்ரூமை ஸ்டுடியோ ஆக்கி வச்சிருக்கேன். குறும்படம், இண்டி பாட்டு, ஆடி மாசம் வந்தா அம்மன் பாட்டு ஆல்பம்னு மிக்ஸிங் ஓடுது. ரொம்ப நாளா என்எஸ்-10 மேல ஒரு கண்ணு. யமஹா அதை 1978ல வீட்டு ஸ்பீக்கராத்தான் விட்டாங்க, வெள்ளைக் கோன் போட்ட கறுப்புப் பொட்டி, வீட்ல வச்சுக் கேக்குறவங்கள விட ஸ்டுடியோக்காரங்கதான் அதைப் பிடிச்சுக்கிட்டாங்க, அப்புறம் 1987ல படுக்க வச்சு யூஸ் பண்ற மாதிரி ஸ்டுடியோ மாடலே வந்துச்சு, 2001ல நிப்பாட்டிட்டாங்க. இப்போ செகண்ட்ஹேண்ட்ல கிடைச்சாலும் உள்ள எந்த ட்ரைவரை (சத்தம் எழுப்புற பாகம்) யார் மாத்தி வச்சாங்கன்னு சொல்ல முடியாது. அதனால க்ளோன் வாங்கலாம்னு இறங்கினேன்.

ஃப்ரெண்டோட ஃப்ரெண்ட் மூலமா ஒருத்தர் மாட்டினாரு. இல்ல, நான்தான் அவர்கிட்ட மாட்டினேன். பேரு வேணாம். ஜோடிப் பொட்டி, டிஎஸ்பி (ஈக்யூ போடுற டிஜிட்டல் கருவி), ஆம்ப், எல்லாம் சேத்து 52,000. முன்பணம் 30,000, மீதி டெலிவரி அப்போ. ஜிபேல அவரோட சொந்த நம்பருக்குத்தான் போட்டேன், பில்லு கேக்கல. இந்த முட்டாள்தனம் முழுக்க என்னோடது.

போன்ல கிராஃப் காட்டினாரு, எந்த சுருதில எவ்ளோ சத்தம் வருதுன்னு காட்டுற படம். 40 ஹெர்ட்ஸ்ல இருந்து 18 கே (18,000 ஹெர்ட்ஸ்) வரைக்கும் ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி. "தம்பி, ஒரிஜினலே இவ்ளோ ஃப்ளாட்டா இருக்காது பாத்துக்கோங்க"ன்னாரு. அங்கயே நான் எந்திரிச்சு வந்திருக்கணும். ஒரிஜினல் என்எஸ்-10 ஃப்ளாட்டே கிடையாது. 1.5 கே, 2 கே பக்கம் சுமார் 5 டிபி (டெசிபல், சத்தத்தோட அளவு) மேடு இருக்கும், பேஸ் கீழ போகப் போக இறங்கிடும். அந்த மேடு குரலைத் தூக்கிக் காட்டும், தப்பு இருந்தா காதுல குத்தும், அதுக்காகத்தான் ஸ்டுடியோக்காரங்க அதை வச்சிருக்காங்க. அப்படியிருக்க ஃப்ளாட்டான என்எஸ்-10 க்ளோன்னா என்ன அர்த்தம், காரமே இல்லாத ஆந்திரா மெஸ் ஊறுகாய் மாதிரி. அன்னைக்கு எனக்கு இது உறைக்கல, கோடு நேரா இருந்துச்சு, மயங்கிட்டேன்.

பொட்டி வந்து ஒரு வாரம் சந்தோஷமா ஓடுச்சு. ஸ்டுடியோ மாடல் மாதிரியே படுக்க வச்சுத்தான் வேலை பாத்தேன். அப்புறம் ஒரு விஷயம் உறுத்த ஆரம்பிச்சுது. நடுவுல நிக்க வேண்டிய குரல் வலது பக்கமா சாயுது, தலையை அரை அடி நகத்தினா டோனே மாறுது, வலது பொட்டி மட்டும் சில இடத்துல கத்துது. காதுல அழுக்கா இருக்கும்னு சொட்டு மருந்து விட்டேன், சத்தியமா. அந்தக் கத்தலுக்குப் பயந்து குரல்ல 2 கே பக்கம் குறைச்சுக் குறைச்சு ஒரு பாட்டை முடிச்சு அனுப்பினேன். பாடின தம்பி ராத்திரி போன் பண்ணி "அண்ணா, கார்ல கேட்டா என் குரல் எங்கயோ பின் சீட்ல இருக்குண்ணா"ன்னான். காசு வாங்காம திரும்ப மிக்ஸ் பண்ணிக் கொடுத்தேன்.

மூணாவது வாரம் கிக் ட்ரம் கொஞ்சம் கனமான ஒரு ட்ராக், சத்தம் கூட அதிகம் இல்ல, இடது பொட்டில கருகுற வாடை. ஊஃபர் (பேஸ் தர்ற பெரிய கோன்) போச்சு. அவருக்குப் போன் போட்டா "நீங்க ஃபுல்லா வச்சிருப்பீங்க தம்பி, இது ஸ்டுடியோ ஸ்பீக்கர், கல்யாண வீட்டு ஸ்பீக்கர் இல்ல"ங்குறாரு.

அப்புறந்தான் என் நண்பர் ஒருத்தர் யூமிக்-1னு ஸ்பீக்கர் அளக்குற மைக்கோட வந்தாரு. ஒவ்வொரு மைக்குக்கும் அதோட சீரியல் நம்பருக்குத் தனி கேலிப்ரேஷன் ஃபைல் (மைக்கோட பிழையைத் திருத்துறது) இருக்கு, அதைப் போட்டு ஆர்இடபிள்யூங்குற சாஃப்ட்வேர்ல அளக்கணும், அது ஃப்ரீதான். முதல் வேலையா டிஎஸ்பி ஈக்யூ மொத்தத்தையும் ஆஃப் பண்ணாரு. பொட்டியை 1 மீட்டர் உசரத்துல நிறுத்தி, மைக்கை அதே உசரத்துல 1 மீட்டர் தள்ளி வச்சாரு. தரையில பட்டு வர்ற சத்தம், நேரா வர்றதுக்குக் கிட்டத்தட்ட 3.6 மில்லிசெகண்ட் கழிச்சுத்தான் மைக்குக்கு வருது, அதுக்கு முன்னாடியே பதிவை வெட்டிட்டா ரூமோட பாதிப்பு இருக்காது, ஆனா 280 ஹெர்ட்ஸுக்குக் கீழ அந்த அளவை நம்பக் கூடாது. பேஸுக்கு மைக்கைக் கோனை ஒட்டி வச்சுத் தனியா எடுக்கணுமாம். பொட்டி வித்தவர் காட்டின கிராஃப்ல இதெல்லாம் எதுவுமே இல்ல, ஹால்ல வச்சு ஒரே அளவு.

வலது பொட்டியை அளந்தா 2 கே பக்கம் கிணறு மாதிரி 17 டிபி பள்ளம். கழட்டிப் பாத்தா ட்வீட்டர் (ட்ரெபிள் தர்ற சின்ன ட்ரைவர்) வயர் பிளஸ் மைனஸ் மாறி இருக்கு. இடது பொட்டில சரியா இருக்கு. ஊஃபரும் ட்வீட்டரும் சேருற இடத்துல ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிச்சு, அதான் பள்ளம். வயரை மாத்திச் சொருகி அளந்தோம், பள்ளத்தைக் காணோம். அஞ்சு நிமிஷ வேலைங்க! பொட்டி வித்த மனுஷன் வயரைப் பாக்காம அந்த இடத்துல ஈக்யூல 9 டிபி ஏத்தி விட்டிருக்காரு. நேரா மைக் வச்ச இடத்துல அது ஏதோ சமாளிக்கும், ஆனா கொஞ்சம் தள்ளிப் போனா ரெண்டும் அடிச்சுக்குறது குறையும், ஏத்தின 9 டிபி அப்படியே காதுல வந்து அறையும். நான் பொட்டியைப் படுக்க வச்சதால ட்வீட்டரும் ஊஃபரும் பக்கத்துல பக்கத்துல வந்திருச்சு, தலையை இடம் வலம் ஆட்டும்போதெல்லாம் டோன் மாறினதுக்கு இதான் காரணம்.

ஊஃபர் செத்த கதை இன்னும் மோசம். டிஎஸ்பில 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ 12 டிபி ஏத்தி வச்சிருக்காரு. 12 டிபின்னா 16 மடங்கு பவர். பத்து லிட்டர் மூடின பொட்டி அது, சத்தம் குறையாம 80ல இருந்து 40க்கு இறங்கணும்னா கோன் நாலு மடங்கு முன்னாடி பின்னாடி ஆடணும், அந்தச் சின்ன ஊஃபர் என்ன பண்ணும் பாவம். ஏன் ஏத்தினீங்கன்னு கேட்டேன். அளந்தப்ப பேஸ் கம்மியா இருந்துச்சுன்னாரு. எந்த மைக்குண்ணே? "போன்லயே நல்ல ஆப் இருக்கு தம்பி."

நிறைய போன்ல பேச்சு தெளிவா கேக்கணும்னு பேஸை மைக்லயே குறைச்சுத்தான் வச்சிருப்பாங்க. போனோட குறையை ஸ்பீக்கர் குறைன்னு நினைச்சு ஸ்பீக்கர் தலையில கட்டிட்டாரு.

அந்த அழகான கோட்டோட ரகசியமும் தெரிஞ்சுது. ஈக்யூ போட்டதுக்கு அப்புறம் எடுத்தது, அதுலயும் ஒரு ஆக்டேவ் ஸ்மூத்திங் (மேடு பள்ளத்தைச் சராசரி பண்ணி மழுப்புறது), மேலயிருந்து கீழ வரைக்கும் ஸ்கேல் 150 டிபி. அந்த ஸ்கேல்ல மெரினா அலையைக் கூட இஸ்திரி போட்ட வேட்டியா காட்டலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டா "ரீட்யூன் பண்ணித் தர்றேன், 6,000 ஆகும்"னு சொன்னாரு. 1915ல நுகர்வோர் ஹெல்ப்லைனுக்கு அடிச்சேன், பில்லு இருக்கான்னுதான் முதல்ல கேட்டாங்க. ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டும் வாட்ஸ்அப் பேச்சும் கொடுத்து கம்ப்ளைன்ட் போட்டிருக்கேன், பாப்போம்.

வாங்கியே தீருவேன்னா நேர்ல போங்க. ஈக்யூவை ஆஃப் பண்ணச் சொல்லி இடது வலது தனித்தனியா அளந்த ஒரிஜினல் ஃபைலைக் கேளுங்க, ஸ்க்ரீன்ஷாட் வேணாம். ட்வீட்டர் வயரை வேணும்னே மாத்தி ஒரு அளவு எடுக்கச் சொல்லுங்க. நல்லா செஞ்ச பொட்டின்னா அப்பத்தான் க்ராஸ்ஓவர்ல (ஊஃபரும் ட்வீட்டரும் சேருற இடம்) ஆழமா பள்ளம் விழணும், சரியா மாட்டினா போயிடணும். எங்கயாவது 4 டிபிக்கு மேல ஏத்தியிருந்தா ஏன்னு காரணம் கேளுங்க, குறைச்சிருந்தா அவ்ளோ பயமில்ல. மோனோல பிங்க் நாய்ஸ் (அருவி மாதிரி இரையுற சோதனைச் சத்தம்) ஓட விட்டுத் தலையை ஆட்டி, டோன் மாறுதான்னு பாருங்க, ஆளுங்க சிரிச்சா சிரிக்கட்டும்.

நியாயமா ஒண்ணு சொல்லணும், பொட்டி வேலை மட்டும் சுத்தம், நல்ல ப்ளைவுட், மூலையெல்லாம் கச்சிதம். புது ஊஃபர் வாங்கிப் போட்டு, டிஎஸ்பியைத் தூக்கி அலமாரில வச்சுட்டு, வெறும் ஆம்ப்ல ஓட்டிக்கிட்டு இருக்கேன். இப்போ 2 கேல ஒரு மேடு தெரியுது, நான் முதல்ல கேட்டது இதைத்தான்.

நேத்து ஒரு வாட்ஸ்அப் க்ரூப்ல அவரோட புது விளம்பரம் வந்துச்சு. அடுத்த ஜோடி ரெடியாம். கூட அதே கிராஃப், கோட்டோட கலரை மட்டும் பச்சையா மாத்தியிருக்காரு.