வண்ணத்தில் இரத்தப் படலம்

சென்னைக்குப் போய் வந்த மச்சான், XIII என்ற சித்திரக்கதைத் தொடரின் தமிழ் வடிவமான இரத்தப் படலம் வண்ணத் தொகுப்பைக் கொண்டுவந்து தந்தார், திறந்த அன்றிரவு நித்திரையே இல்லை. சின்ன வயதில் இரவல் வாங்கி, அட்டை கழன்ற கறுப்பு வெள்ளைப் புத்தகமாக வாசித்தது. அப்போது கதைதான் இழுத்துக்கொண்டு போனது, படங்களைத் தாண்டிப் பாய்ந்திருக்கிறேன்.

கழுத்தெலும்புக்குப் பக்கத்தில் XIII என்று பச்சை குத்திய ஒருவன் குண்டடி பட்டுக் கரையில் ஒதுங்குகிறான், தான் யாரென்றே அவனுக்குத் தெரியாது. கடலோரத்தில் குடியிருக்கும் ஒரு வயோதிபத் தம்பதி அவனைத் தூக்கிக்கொண்டு போய்ப் பராமரிக்கிறார்கள். கல்லடியில் கடலைப் பார்த்தே வளர்ந்த எனக்கு அந்த இடம் எப்போதும் நெஞ்சைத் தொடும். கதாசிரியர் வான் ஹாம் 1984இல் பிடித்த பிடி இது: நாயகனுக்குத் தெரிந்ததற்கு மேல் நமக்கும் ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு பெயரும் கைக்குக் கிடைத்தவுடனே பொய்யாகிப் போகிறது, அதனால்தான் ஒரு பாகத்தோடு நிறுத்த முடியவில்லை.

சித்திரம் வில்லியம் வான்ஸ். சட்டை மடிப்பு, துப்பாக்கியின் உலோகம், சந்தேகத்தில் சுருங்கும் கண்ணோரத்துக் கோடுகள் என்று எதையும் அவர் அவசரப்பட்டுப் போடவில்லை, ஒரு முகத்தில் பாதியைக் கறுப்பில் விட்டுவிடுவார், அந்த ஆளை நம்பலாமா என்று நாமே யோசிக்கத் தொடங்குவோம். வண்ணம் தீட்டியது அவருடைய மனைவி பெட்ரா. கறுப்பு வெள்ளையில் எனக்கு ஒன்றோடொன்று கலந்து தெரிந்த இரவுக் காட்சிகள் இப்போதுதான் பிரிந்து விளங்குகின்றன.

குறையும் இருக்கிறது. விசாரணை அதிகாரியான கர்னல் ஆமோஸ் விசாரிக்கும் பக்கங்களில் பேச்சு மிக அதிகம், வசன பலூன்கள் படத்தைத் தின்றுவிடுகின்றன. இளம் பெண்களின் முகங்களும் ஒரே அச்சு, கூந்தலை வைத்துத்தான் ஆளைப் பிடிக்க வேண்டும்.

அப்புறம், 18ஆம் பாகத்தை மட்டும் வரைந்தவர் ஜான் ஜிரோ, கேப்டன் டைகர் என்ற கௌபாய் சித்திரக்கதை நாயகனை நமக்குத் தந்த அதே கை. புழுதியும் வியர்வையுமாக வரைபவர் வான்ஸின் துப்புரவான கோடுகளுக்குப் பக்கத்தில் வந்து நிற்பதைப் பார்க்கவே அந்தப் பாகத்தை இரண்டு தரம் வாசிக்கலாம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் மட்டும் அதை முதலில் எடுக்க வேண்டாம், ஒன்றாம் பாகத்திலிருந்து வரிசையாகவே வாருங்கள். நடுவில் ஒன்றை விட்டால் யார் யாருடைய ஆள் என்பதே பிடிபடாது.