கவுண்டரில் சாவி கொடுத்துவிட்டால் போதுமா? ஜெர்மனியில் படிப்பவர்கள் வாடகைக் கார் எடுக்கும் முன்

ஜெர்மனிக்கு மாஸ்டர்ஸ் படிக்க வருபவர்களில் பலர் அக்டோபரில் வந்து இறங்குகிறார்கள். ஊர் சுற்ற ஆசை வருவது பரீட்சை முடிகிற ஆகஸ்டில். நாலு பேர் சேர்ந்து மியூனிக்கில் கார் எடுத்து, இன்ஸ்ப்ரூக் வழியாக பிரென்னர் கணவாயைத் தாண்டி, வெனிஸும் ஃப்ளாரன்ஸும் பார்த்துத் திரும்புவார்கள். பாதை எல்லோருக்கும் ஒன்றுதான். பணம் பறிபோகிற இடங்களும் ஏறக்குறைய ஒன்றேதான்.

முதல் கோளாறு லைசன்ஸில். ஜெர்மனியில் குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம்தான் இந்திய லைசன்ஸ் அங்கே செல்லும். அக்டோபரில் வந்தவருக்கு ஏப்ரலோடு கணக்கு முடிந்தது. மொத்தத் தங்கலே ஒரு வருடத்துக்கு மேல் போகாது என்று நிரூபிப்பவர்களுக்கு மட்டும் விண்ணப்பித்தால் நீட்டிப்பு உண்டு. இரண்டு வருடப் படிப்புக்கு வந்தவருக்கு அது கிடையாது. ஊரில் ஆர்டிஓவிடம் எடுத்து வந்த இன்டர்நேஷனல் பெர்மிட்டில் இன்னும் தேதி இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும், அது இந்த ஆறு மாதத்தை ஒரு நாள்கூடக் கூட்டாது.

ஏமாற்றமே இங்கேதான். வாடகைக் கம்பெனி கவுண்டரில் லைசன்ஸ் அட்டையையும் பாஸ்போர்ட்டையும் பார்ப்பார்கள். நீங்கள் எப்போது குடியேறிப் பதிவு செய்தீர்கள் என்று கேட்பது அபூர்வம். சிரித்த முகத்தோடு சாவி கைக்கு வரும். நடுவழியில் போலீஸ் நிறுத்தினால் அது லைசன்ஸ் இல்லாமல் ஓட்டிய குற்றம். வெறும் அபராதச் சீட்டு அல்ல, கிரிமினல் வழக்கு. மோதிவிட்டால் இன்னும் மோசம். எதிராளியின் நஷ்டத்தைக் காப்பீட்டு நிறுவனம் கட்டிவிட்டு, 5000 யூரோ வரை உங்களிடம் திருப்பிக் கேட்கலாம். வாடகைக் காரின் பழுதுச் செலவு அதற்கு மேல். இது மாணவர்களின் வருடாந்தரச் செலவில் பாதியை விழுங்கும் தொகை.

தப்பும் வழி, ஜெர்மன் லைசன்ஸ் உள்ள ஒருவர் ஓட்டுவது. இல்லையென்றால் லைசன்ஸை மாற்றிக்கொள்ள வேண்டும். இந்திய லைசன்ஸ் வைத்திருப்பவருக்குக் கட்டாய வகுப்புக் கணக்கு இல்லை. ஆனால் எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு இரண்டும் உண்டு. எழுத்துத் தேர்வை ஆங்கிலத்திலேயே எழுதலாம். இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள் கோட்டை விடுவது, பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழி விடுவதிலும், திரும்பும்போது தோளுக்குப் பின்னால் தலையைத் திருப்பிப் பார்ப்பதிலும்.

இரண்டாவது, 'ஃபுல் இன்சூரன்ஸ்'. விலை ஒப்பிடும் இணையதளத்தில் 'முழுக் காப்பு' என்று டிக் செய்து மலிவாகப் பதிவு செய்திருப்பீர்கள். அந்தக் காப்பு வாடகைக் கம்பெனியுடையது அல்ல, இடைத்தரகருடையது. கீறல் விழுந்தால் கம்பெனி முதலில் உங்கள் கார்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். பிறகு தரகரிடம் பில்லோடு கேட்டு நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும். அவர்கள் கேட்கிற காகிதங்களில் ஓட்டியவரின் லைசன்ஸ் நகலும் சேர்ந்திருக்கும். ஆறு மாதக் கதை அங்கே திரும்ப வந்து நிற்கும்.

கவுண்டரில் இருப்பவர் "நீங்கள் வாங்கியது இங்கே செல்லாது" என்பார். பாதி உண்மை. அதைச் சொல்லி நாளுக்கு 20, 30 யூரோவுக்குத் தன் காப்பைத் தலையில் கட்டுவார். முதல் ஓட்டுநர் பெயரில் கிரெடிட் கார்டு இல்லை, டெபிட் கார்டுதான் என்றால் இந்த மிரட்டல் கூடும்: டெபாசிட் பிளாக் பண்ண முடியாது, எங்கள் பேக்கேஜ் எடுத்தால்தான் கார் என்பார்கள். மறுத்துத் திரும்பினால் முன்கூட்டிக் கட்டிய வாடகை பெரும்பாலும் வராது. ஆகவே பதிவு செய்யும்போதே, எந்தக் கார்டு ஏற்பார்கள், எவ்வளவு பிளாக் ஆகும், 25 வயதுக்குக் கீழே தனிக் கட்டணம் உண்டா, இத்தாலிக்குக் கொண்டுபோக அனுமதி உண்டா என்பதை அந்தக் கிளையின் விதிகளில் படியுங்கள். விலையுயர்ந்த ஜெர்மன் கார்களைச் சில நாடுகளுக்குக் கொண்டுபோகத் தடை இருக்கும். 'அப்கிரேட் இலவசம்' என்று பெரிய காரை நீட்டினால் இதைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

கையெழுத்து டேப்லெட்டில் வாங்குவார்கள். விரலால் கிறுக்குமுன் ஒப்பந்தத்தை மேலிருந்து கீழே உருட்டிப் பாருங்கள். கேட்காத காப்பு, முன்பணப் பெட்ரோல், டோல் கருவி எல்லாம் அங்கேதான் சேர்ந்திருக்கும். ஓட்டப்போகிற ஒவ்வொருவர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பெயர் இல்லாதவர் பத்து நிமிஷம் ஓட்டி இடித்தாலும் காப்பு போச்சு. வாடகை வீட்டு உரிமையாளர் கேட்டதற்காக எடுத்து வைத்திருக்கும் தனிநபர் ஹாஃப்ட்ஃப்லிக்ட் பாலிசியும் (பிறருக்கு நீங்கள் ஏற்படுத்தும் நஷ்டத்துக்கான காப்பு) காருக்கு உதவாது. மோட்டார் வாகன நஷ்டத்தை அது விலக்கியே வைத்திருக்கிறது.

பெரும்பாலான 'முழுக் காப்பு'களில் டயர், கண்ணாடி, கூரை, அடிப்பாகம், கிளட்ச் இருக்காது. டீசல் காரில் பெட்ரோல் ஊற்றினாலும் அப்படியே. சிறு உரசலுக்கும் போலீஸைக் கூப்பிட வேண்டும் என்பது வாடகை ஒப்பந்தங்களில் இருக்கும் விதி. எதிரே யாருமே இல்லாமல் தூணில் உரசினாலும் போலீஸை (ஜெர்மனியில் 110) அழைத்துப் பதிவு எண் வாங்காவிட்டால், காப்பு தர மறுக்க அதுவே காரணமாகிவிடும்.

படம் எடுப்பதில் சோம்பல் கூடாது. நாலு ரிம், முன் கண்ணாடி, கூரை, பம்பரின் கீழ் விளிம்பு, கிலோமீட்டர், பெட்ரோல் அளவு: எடுக்கும்போதும் விடும்போதும். இருக்கிற கீறல் பட்டியலில் இல்லையென்றால் வண்டி எடுக்குமுன் எழுதச் சொல்லுங்கள். ராத்திரி சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தால், காலையில் அவர்கள் வந்து பார்க்கும்வரை பொறுப்பு உங்களுடையதே. மூன்று வாரம் கழித்து ரிம் கீறலுக்கு பில் வந்தால் உடனே ஒத்துக்கொள்ளாமல், ஒப்படைப்புக் குறிப்பு, தேதியுள்ள படம், பழுதுச் செலவு மதிப்பீடு மூன்றையும் மின்னஞ்சலில் கேளுங்கள். பல பல்கலைக்கழக நகரங்களில் ஸ்டூடியரெண்டன்வெர்க் என்ற மாணவர் நல அமைப்பு இலவசமாகச் சட்ட ஆலோசனை தருகிறது. அதை நம்மவர்கள் ஏனோ பயன்படுத்துவதே இல்லை.

ஆஸ்திரிய நெடுஞ்சாலைகளில் ஓட்டத் தேவையான கட்டணச் சீட்டான விக்னெட்டை அரசு நிறுவனமான ஆஸ்ஃபினாக் தளத்திலேயே வாங்குங்கள். தேடலில் முதலில் வரும் தனியார் தளங்கள் அதே விக்னெட்டைக் கூடுதல் விலைக்கு விற்கின்றன. நம்பர் பிளேட்டோடு கட்டிய டிஜிட்டல் விக்னெட் என்பதால், கார் கைக்கு வந்த பிறகே வாங்க முடியும். ஓர் எழுத்து தவறினாலும் செல்லாது. பிரென்னர் நெடுஞ்சாலைக்குக் கட்டணம் தனி.

இத்தாலியில் ஃப்ளாரன்ஸ், பைசா, பொலோன்யா போன்ற ஊர்களின் பழைய நகரப்பகுதிக்குள் அனுமதியில்லாத காருக்கு இடமில்லை. சிவப்பு வளையம் போட்ட வெள்ளைப் பலகையில் 'ஸோனா டிராஃபிக்கோ லிமிடாடோ' என்றிருக்கும். கீழே மின்பலகையில் 'வார்க்கோ அத்தீவோ' என்றால் கேமரா விழித்திருக்கிறது என்று பொருள். 'திறந்திருக்கிறது, வா' என்று படித்து உள்ளே போகிறவர்கள் நிறைய. தெரியாமல் நுழைந்தாலும் அபராதம்தான். ஃப்ளாரன்ஸுக்கு ஏ1 நெடுஞ்சாலையிலிருந்தே நுழையும் வில்லா கோஸ்டான்சாவில் காரை விட்டு டிராமில் போகலாம். வெனிஸுக்கு மெஸ்த்ரேயில் விட்டு ரயில் ஏறலாம்.

அபராதம் இரண்டு தவணையாக வரும். முதலில் உங்கள் பெயரைப் போலீஸுக்குக் கொடுத்ததற்காக வாடகைக் கம்பெனி கார்டிலிருந்து ஒரு கட்டணம் எடுக்கும். அதைக் கட்டியாயிற்று என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அசல் அபராதம் மாதங்கள் கழித்துத் தபாலில் வரும்; வெளிநாட்டில் இருப்பவருக்கு அனுப்ப இத்தாலியப் போலீஸுக்கு 360 நாள் அவகாசம். கைக்கு வந்த ஐந்து நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் தள்ளுபடி, 60 நாள் தாண்டினால் தொகை ஏறும். அதற்குள் நீங்கள் அறை மாறியிருப்பீர்கள், கடிதம் பழைய முகவரிக்குப் போயிருக்கும். வீடு காலி செய்யும்போதே தபால் நிலையத்தில் நாக்ஸெண்டே சேவைக்கு எழுதிக் கொடுங்கள். பழைய முகவரிக்கு வரும் கடிதங்களைப் புது முகவரிக்குத் திருப்பி அனுப்புவார்கள்.