வெல்டிங் புகைக்கு ஒரு வழி, கிரைண்டிங் தூசிக்கு வேறு வழி

பட்டறைக்கு எதை வாங்குவது என்ற பேச்சு வந்தாலே இரண்டு கட்சி ஆகிவிடும். நல்ல மாஸ்க் இருந்தால் போதும் என்பார்கள் சிலர். புகை உறிஞ்சும் மெஷின் போட்டுவிட்டால் மாஸ்க்கே வேண்டாம் என்பார்கள் மற்றவர்கள். இரண்டு தரப்புமே புகையையும் தூசியையும் ஒரே பையில் போட்டுப் பேசுகிறது. சிக்கலே அங்கேதான். ஒன்றிடம் நன்றாக வேலை செய்யும் கருவி மற்றதிடம் அப்பட்டமாகத் தோற்கும். அதனால் கருவிகளுக்குப் போவதற்கு முன்னால் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

வெல்டிங் புகை என்பது ஆவியான உலோகம். ஆர்க்கின், அதாவது ராடுக்கும் தகட்டுக்கும் நடுவே எரியும் மின்பொறியின், சூட்டில் ஆவியாகி, காற்று பட்டதும் ஆக்ஸைடாக மாறி, பொடிப்பொடியாக உறைகிறது. துகள்களில் பெரும்பாலானவை 1 மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறியவை. மூக்கு முடியிலோ தொண்டைச் சளியிலோ சிக்காமல் நுரையீரலின் காற்றுப்பைகள் வரை போய்ச் சேர்ந்துவிடும். சூட்டோடு சேர்ந்து மேலே எழும்பும் என்பதால், குனிந்து வேலை செய்பவரின் முகம்தான் அதன் வழியில் இருக்கிறது. இந்தப் புகையில் சுமார் 90 சதவீதமோ அதற்கு மேலோ உருகி இணைப்பை நிரப்பும் ராடிலிருந்தும் ஒயரிலிருந்தும்தான் வருகிறது, தகட்டிலிருந்து இல்லை. "எம்எஸ் (சாதாரண இரும்பு) தானே, பயமில்லை" என்று தகட்டைப் பார்த்து முடிவு செய்பவர்கள் ராடு பாக்கெட்டையும் ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

கிரைண்டிங் தூசியில் துகள்கள் பெரியவை, கனமானவை. கையில் பிடிக்கும் ஆங்கிள் கிரைண்டரின் டிஸ்க் விளிம்பு நொடிக்கு 80 மீட்டர் வரை வேகத்தில் ஓடக்கூடியது. அந்த வேகத்தில் எறியப்படும் துகள் காற்றோடு மிதப்பதில்லை, நேர்கோட்டில் பாய்கிறது. பெரும்பகுதி தரையில் விழுந்துவிடும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத நுண்பகுதியும் அதோடு கலந்தே வரும், அது மட்டும் காற்றில் நின்றுவிடும். தரையில் குவிந்ததைப் பார்த்துவிட்டு "எல்லாம் கீழே விழுந்துவிட்டது" என்று நினைப்பது தப்புக் கணக்கு.

உடம்புக்கு என்ன செய்கிறது என்பதிலும் இரண்டும் வேறு வேறு பாதையில் போகின்றன. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் வெல்டிங் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் பிரிவில் சேர்த்தது. எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு), எம்எஸ் என்று பிரித்துச் சொல்லவில்லை, மொத்தப் புகையையும்தான் சொன்னது. அதையொட்டி 2019 பிப்ரவரியில் பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு, கட்டடத்துக்குள் எம்எஸ் வெல்டிங் செய்தாலும் வெறும் காற்றோட்டம் போதாது, புகையைப் பிறக்கும் இடத்திலேயே உறிஞ்ச வேண்டும் என்று பிடியை இறுக்கியது. எஸ்எஸ் வெல்டிங்கில் இன்னும் மோசமான சரக்கு வருகிறது. குரோமியத்தின் நச்சு வடிவமான ஹெக்ஸாவேலண்ட் குரோமியமும், நிக்கலும்தான் அவை. அந்தக் குரோமியத்துக்கு அமெரிக்காவில் எட்டு மணி நேர சராசரி வரம்பு ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராம். வெல்டிங் புகையில் வரும் மாங்கனீசு நரம்பு மண்டலத்தைத் தாக்கும். அதிக அளவில் நீண்ட காலம் சுவாசித்தால் பார்க்கின்சன் போன்ற நடுக்கமும் நடைத் தடுமாற்றமும் வரலாம்.

துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்பில் வெல்டு அடித்துவிட்டு இரவு குளிரும் காய்ச்சலுமாகப் படுப்பது பலருக்குத் தெரிந்த கதை. துத்தநாக ஆக்ஸைடு செய்யும் வேலை அது. சில மணி நேரம் கழித்துத் தொடங்கி, ஓரிரு நாளில் தானாகப் போய்விடும். வாரம் முழுக்க வேலை செய்தால் உடம்பு பழகிவிடும், விடுமுறை முடிந்து வந்ததும் அந்தப் பழக்கம் விட்டுப்போயிருக்கும். அதனால்தான் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்று பேர் வாங்கியது. பால் குடித்தால் வராது என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் கிடையாது. அதைவிட முக்கியமான விஷயம், காட்மியம் பூசிய பாகத்தைச் சூடாக்கினாலும் முதலில் இதே மாதிரிதான் இருக்கும். ஆனால் அது நுரையீரலில் நீர் கோத்து உயிரையே எடுக்கக்கூடியது. பூச்சு என்னவென்று தெரியாத போல்ட்டில் டார்ச்சை வைக்காதீர்கள்.

கிரைண்டிங்கில் ஆபத்து எதைத் தேய்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. சாதாரண இரும்பு என்றால் எரிச்சல், இருமல். எஸ்எஸ் என்றால் நிக்கலும் குரோமியமும் தூசியில் வரும். டங்ஸ்டன் கார்பைடு முனையைச் சாணை பிடிக்கும்போது கோபால்ட் சேர்ந்து வந்து, தனியான ஒரு நுரையீரல் நோயையே உண்டாக்குகிறது. கல், கான்கிரீட் என்றால் சிலிகா, அதாவது மணலில் இருக்கும் படிகப் பொருள். பழைய காலத்து மணற்கல் சாணைகள் தொழிலாளிகளைக் கொன்றது இதனால்தான். இப்போதைய டிஸ்க்குகள் பெரும்பாலும் அலுமினியம் ஆக்ஸைடும் சிலிக்கான் கார்பைடும் கொண்டு செய்தவை, அந்த வகையில் நிலைமை தேவலை.

சரி, கருவிகளுக்கு வருவோம்.

முதல் போட்டி ஃபேனுக்கும் உறிஞ்சு குழாய்க்கும். இதில் போட்டி என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். பெடஸ்டல் ஃபேன் புகையை அப்புறப்படுத்துவதில்லை, வெல்டரிடமிருந்து ஹெல்பருக்கு மாற்றி விடுகிறது. மிக் வெல்டிங் (ஒயர் தானாக வந்து உருகும் வகை) என்றால், உருகிய உலோகத்தைக் காற்று படாமல் காக்கும் ஷீல்டிங் கேஸையும் கலைத்து, பற்றில் (வெல்டு இணைப்பில்) ஓட்டை விழ வைக்கும். சுவரில் இருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் மொத்தக் காற்றையும் கொஞ்சம் சுத்தமாக்கும், ஆனால் புகை அங்கே போய்ச் சேர்வதற்குள் நாலு பேர் சுவாசித்திருப்பார்கள். வேறு ஏற்பாட்டோடு துணைக்கு இருக்கட்டும். அதை மட்டுமே நம்ப முடியாது.

உண்மையான போட்டி உறிஞ்சும் கருவிகளுக்குள்தான். வளைத்து நகர்த்தும் கை போன்ற உறிஞ்சு குழாய் (கைக்குழாய்), வெல்டர் கையில் பிடிக்கும் டார்ச்சிலேயே உறிஞ்சும் அமைப்பு, கீழ்நோக்கி உறிஞ்சும் மேசை என்று மூன்று.

கைக்குழாயை விற்பனைப் படத்தில் பார்த்தால் இதுதான் ராஜா. ஆனால் குழாய் வாயிலிருந்து அதன் விட்டத்தின் அளவு தள்ளிப் போனாலே காற்றின் வேகம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். 15 செ.மீ. வாய் உள்ள குழாயை 40 செ.மீ. தள்ளி வைத்தால் அது சத்தம் போடும், வேலை செய்யாது. நீளமான பற்று வைக்கும்போது சில விரற்கடை போனதும் குழாயையும் நகர்த்த வேண்டும். யார் நகர்த்துகிறார்கள்? காலையில் வைத்த இடத்திலேயே சாயங்காலம் வரை நிற்கும் கைக்குழாய்களைப் பார்க்காத பட்டறை அபூர்வம். ஒரே இடத்தில் சின்ன வேலை என்றால் இது அருமை. நடந்து நடந்து வெல்டு செய்கிற வேலைக்கு மனித குணம் ஒத்துழைக்காது.

டார்ச்சிலேயே உறிஞ்சும் அமைப்பு ஆர்க் போகிற இடமெல்லாம் கூடவே போகிறது, நகர்த்த மறக்கவே முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே மிக் வேலைக்கு நான் இதற்குத்தான் ஓட்டுப் போடுவேன். குறைகளும் உண்டு. டார்ச் கனமாகும், குழாய் விறைப்பாக இருக்கும், மணிக்கட்டு வலிக்கும். உறிஞ்சல் அதிகமானால் ஷீல்டிங் கேஸும் சேர்ந்து போய்விடும். ஒருமுறை பற்றில் ஓட்டை விழுந்ததும் வெல்டர் அதை அணைத்துவிடுவார், அப்புறம் போடவே மாட்டார். அளவைச் சரியாக வைத்துக் காட்டுவது சூப்பர்வைசரின் வேலை. தலைக்கு மேல் வெல்டு செய்யும்போது புகை டார்ச்சை விட்டு விலகிப் போவதால் பலன் குறையும். ராடு வெல்டிங்குக்கு இந்த வழியே இல்லை. ராடு உருகி உருகிக் குறைந்துகொண்டே வரும்போது உறிஞ்சு வாயை எங்கே பொருத்துவது? அங்கே கைக்குழாய்தான் கதி.

கீழ்நோக்கி உறிஞ்சும் மேசையை வெல்டிங்குக்கு என்று வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. சூடான புகை மேலே போக விரும்புகிறது, மேசை அதைக் கீழே இழுக்கப் பார்க்கிறது. அதோடு, பெரிய தகட்டை மேலே வைத்துவிட்டால் துளைகள் அடைபட்டு உறிஞ்சலே நின்றுபோகும். அதே மேசை சின்னப் பாகங்களைக் கிரைண்டு செய்ய மிக நல்லது, தூசி தானாகவே கீழே போகப் பார்க்கிறதே.

கிரைண்டிங்கில் இழுக்கும் வேகத்தை நம்பக் கூடாது. பாய்ந்து வரும் பொறியை எந்த உறிஞ்சலும் திசை திருப்பாது. பொறி போகிற வழியில் வாயை வைத்துப் பிடிக்க வேண்டும். கிரைண்டரோடு பொருத்தும் தூசிக்கூடு தட்டையான பரப்பில், அதிலும் கான்கிரீட்டில், பிரமாதமாக வேலை செய்கிறது. பற்றைத் தேய்ப்பதற்கும் விளிம்பின் கூர்மையை மழுக்குவதற்கும் அது பார்வையை மறைக்கும், பாதி தூசி பக்கவாட்டில் தப்பிவிடும். தண்ணீர் விட்டுத் தேய்ப்பது கல்லுக்கு நல்ல தீர்வு, ஆனால் அதற்கென்றே செய்த கருவியில் மட்டும். சாதாரண மின் கிரைண்டரில் தண்ணீர் ஊற்றுவது ஷாக்குக்கு அழைப்பு. காய்ந்த சேற்றை உலர்ந்த துடைப்பத்தால் கூட்டினால் பிடித்த சிலிகா மறுபடி காற்றில் ஏறிவிடும்.

இனி மாஸ்க். துணியும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் கணக்கிலேயே இல்லை. என்95 மாஸ்க்கின் வடிகட்டி நுண்துகளில் குறைந்தது 95 சதவீதத்தைப் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் விஷயம் வடிகட்டியில் இல்லை, முகத்தோடு ஒட்டும் ஓரத்தில் இருக்கிறது. அந்தக் கசிவையும் சேர்த்துத்தான் அமெரிக்க விதிகள் இதற்கு 10 என்ற பாதுகாப்பு மடங்கைக் கொடுக்கின்றன. அதாவது சரியாகப் பொருந்தினால் உள்ளே வருவது வெளியே இருப்பதில் பத்தில் ஒரு பங்கு. ரப்பர் அரைமுகக் கவசத்துக்கும் அதே 10 தான், ஆனால் அது நன்றாக உட்காரும், வடிகட்டியை மாற்றலாம், வெல்டிங் ஹெல்மெட்டுக்குள் நுழையும் தட்டையான வகையும் உண்டு. மாதக் கணக்கில் போடுவதற்கு இதுவே மேல். தாடி இருந்தால் இரண்டும் வீண்.

மோட்டார் வைத்து வடிகட்டிய காற்றை உள்ளே ஊதும் வெல்டிங் ஹெல்மெட்டுக்கு மடங்கு 25. தாடி தடையில்லை, முகம் வேர்க்காது, மூச்சு இழுக்கச் சிரமமில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை என்றால் இதுதான் வசதி. விலையும் பேட்டரியும் கழுத்துக் கனமும்தான் குறை. இன்னொன்றும் உண்டு: அது போட்டவரை மட்டும்தான் காப்பாற்றும். பக்கத்தில் ஸ்லாக் (பற்றின் மேல் உறையும் கசடு) தட்டிக்கொண்டு நிற்கும் ஹெல்பருக்கு ஒன்றுமே கிடைக்காது. அதனால்தான் எல்லாப் பாதுகாப்பு விதிகளும் உறிஞ்சலை முன்னால் வைக்கின்றன, மாஸ்க்கைப் பின்னால் வைக்கின்றன. தூசி வடிகட்டி ஓசோனையும் கார்பன் மோனாக்ஸைடையும் தடுக்காது. டேங்குக்குள் ஷீல்டிங் கேஸான ஆர்கான் நிரம்பி ஆக்ஸிஜன் குறைந்திருந்தால் இந்த ஹெல்மெட்டை நம்பி உள்ளே போவது சாவு.

காசு செலவில்லாத வழிகளும் போட்டியில் இருக்கின்றன. தலையைப் புகைத் தூணுக்குப் பக்கவாட்டில் வைத்துக்கொள்வது ஒன்று. முடிந்த இடத்தில் ராடிலிருந்து மிக்குக்கோ டிக்குக்கோ (டங்ஸ்டன் முனையால் ஆர்க் போடும் வகை) மாறுவது இன்னொன்று, புகை கணிசமாகக் குறையும். ஆனால் புகை குறைவு என்று டிக் வெல்டரை விட்டுவிடக் கூடாது. அலுமினியத்தில் டிக் அடிக்கும்போது ஓசோன் அதிகம் வரும். சிவப்பு முனை டங்ஸ்டனில் இருக்கும் தோரியம் கதிரியக்கம் உள்ளது, அதைச் சாணை பிடிக்கும் தூசிதான் ஆபத்து. லாந்தனம் கலந்த டங்ஸ்டன் அதே வேலையைச் செய்கிறது, மாற்றிக்கொள்ளத் தயங்கவே வேண்டாம். குளோரின் உள்ள கரைப்பானால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு ஈரம் காயும் முன் ஆர்க் போட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகலாம்.

ஆக என் தேர்வு இப்படி: மிக் வேலைக்கு டார்ச் உறிஞ்சல், ராடு வேலைக்குக் கைக்குழாயும் காற்றூதும் ஹெல்மெட்டும், சின்னப் பாகங்களின் கிரைண்டிங்குக்கு மேசை, களத்தில் கிரைண்டிங்குக்கு அரைமுகக் கவசம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே உறிஞ்சு இயந்திரம் வாங்க நினைத்தால், அதன் வடிகட்டிப் பையில் தீப்பொறி விழாமல் தடுக்கும் அமைப்பு உள்ளதா என்று முதலில் கேளுங்கள். அலுமினியம் தேய்க்கிற பட்டறை என்றால் அந்த ஒரே இயந்திரம் என்ற யோசனையையே விட்டுவிடுங்கள். அலுமினியத் தூசி வெடிக்கக்கூடியது, இரும்புப் பொறியும் துருத்தூளும் அதோடு ஒரே பையில் சேரவே கூடாது.