சாயச்செடியைத் தவறவிட்ட செயலி

படம் எடுத்தால் போதும், செடியின் பெயரைச் சொல்லிவிடும் என்று விளம்பரப்படுத்தப்படும் ஒரு கைபேசிச் செயலியை, தென் பிரான்சின் அறுவடை முடிந்த வயல்களில் ஒரே ஒரு களைச்செடியை வைத்துச் சோதித்தேன். அந்தச் செடி குரோசோபோரா டிங்டோரியா. ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்த, முழங்கால் உயரம்கூட வளராத இதன் காய்ச்சாறுதான் இடைக்கால ஐரோப்பியச் சுவடிகளில் நீலமாகவும் ஊதாவாகவும் தீட்டப்பட்டது.

இலையை மட்டும் காட்டியபோது செயலி சற்றும் தயங்காமல் ஹீலியோட்ரோபியம், அதாவது தேள்கொடுக்கு இனம், என்று அடித்துச் சொன்னது. சாம்பல் பூத்த அந்த இலைகளைப் பார்த்தால் மனிதருக்கும் குழப்பம் வரும் என்பதால் இதைப் பெரிய குற்றமாகக் கருதவில்லை. ஆனால் ஐயம் இருப்பதாக ஒரு சொல்கூட இல்லாததுதான் உறுத்தியது. தேள்கொடுக்கின் வெண்பூக்கள் சுருண்ட தண்டில் வரிசையாக அமர்ந்திருக்கும். இதிலோ சிறு மஞ்சள் ஆண்பூக்கள் மேலே நிற்க, அவற்றுக்குக் கீழே காம்புடன் தொங்கும் பெண்பூக்கள் மூன்று பிளவுள்ள, வெண்செதில் படிந்த கரும்பச்சைக் காய்களாகின்றன. உருப்பெருக்கியில் பார்த்தால் இலை மயிர்கள் நட்சத்திர வடிவில் கிளைத்திருப்பதும், இலையடியில் இரண்டு சுரப்பிகள் இருப்பதும் தெரியும். காயின் படத்தைக் கொடுத்த பிறகே செயலி சரியான பெயருக்கு வந்தது.

பெயருடன் வந்த குறிப்பு அதைவிட ஏமாற்றம் அளித்தது. இதன் நீலம் ஆந்தோசயனின், அதாவது பூக்களுக்கும் பழங்களுக்கும் சிவப்பு, ஊதா, நீல நிறம் தரும் நிறமி, என்று அதில் எழுதியிருக்கிறார்கள். போர்த்துகீசிய ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வு, இது ஆந்தோசயனினும் அல்ல, அவுரியின் நீலமும் அல்ல என்று காட்டி, அந்த மூலக்கூறுக்குக் குரோசோபோரிடின் என்று பெயரிட்டுவிட்டது. விதை நசுங்காமல் காயைப் பிழிய வேண்டும் என்று 15-ஆம் நூற்றாண்டுச் செய்முறை ஒன்று எச்சரித்ததையும், சாற்றில் தோய்த்த கந்தைகளைத் தென் பிரான்சின் காலார்க் கிராமத்தார் சிறுநீர் அல்லது சாண ஆவியில் காட்டி, பாலாடைக்கட்டியின் தோலுக்கு நிறமேற்ற ஹாலந்துக்கு அனுப்பியதையும் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பூவோ காயோ இருக்கும் செடிகளுக்கு இலவசப் பதிப்பைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். சந்தா கட்டும் பணத்தில் பத்து மடங்கு பெருக்கும் ஒரு கைவில்லையை வாங்கிக்கொள்வேன்.